கிராக்கோவில் சாப்பிட வந்தவள்

ஒருவர் போகவர விமானச் சீட்டும் அனுப்பி, "எங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் சாப்பிட்டுப் போ" என்று கூப்பிட்டால், சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம்தான் வரும். எனக்கு வந்தது. என் கணவர் கணேசனுக்கு என்னைவிடக் கூடுதலாக வந்தது.

"எதுக்கு விஜி உன்னக் கூப்பிடுதா அவ? அங்க திங்கதுக்கு ஆளா இல்ல?" என்று பூண்டுப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பியபடியே கேட்டார்.

காந்தலூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே. மூன்று அறைகள், முன்னால் பூண்டு, பின்னால் கொஞ்சம் ஆப்பிளும் பிளம்ஸும். கூப்பிட்டவள் போலந்துக்காரி, எங்களிடம் தொடர்ந்து வந்து தங்குகிறவள். முழுப்பெயர் ஆக்னியெஷ்கா. வாயில் நுழையாமல் நாங்கள் தவித்தபோது, வீட்டில் தன்னை 'ஆகா' என்று கூப்பிடுவார்கள் என்றாள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். என் வயதுதான் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை.

கடைசியாக வந்தபோது நெடுநாள் தங்கினாள். என் மாமியார் படுக்கையில் இருந்த சமயம் அது. ஆகா மலை ஏறப் போகாமல், அருவி பார்க்கப் போகாமல், என் அடுப்படியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுவதையும் துடைத்துவிடுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுத்த மழைக்காலத்தில் மாமியார் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பின் வந்ததுதான் இந்த அழைப்பு. "என் அம்மா பிரமாதமாகச் சமைப்பாள். நீ எனக்கு எவ்வளவு சமைத்துப் போட்டிருக்கிறாய். என் முறை இது."

மறையூர் பஸ் ஸ்டாண்டில் விஷயம் பரவியதும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார் ஒருவர். கிட்னி என்றார் இன்னொருவர். கணேசன் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டுக் கடைசியில், "போயிட்டு வா. பாஸ்போர்ட்ட மட்டும் கையவிட்டு விட்டுராத" என்றார். சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். பெட்டியில் பொன்னி அரிசி, இட்லிப் பொடி, பூண்டு ஊறுகாய், மறையூர் வெல்ல உருண்டை. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேனோ அவர்களை நம்பாமல் போகிறவள் எடுத்துப்போகும் சாமான்கள்.

கிராக்கோவ் பழைய ராஜாக்களின் ஊர். ஆற்றங்கரை மேட்டில் கோட்டை, கீழே ஊர். ஆகாவின் அம்மா இருப்பது பழைய பகுதியில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றபோது கதவைத் திறந்தவர் ஹலினா. எண்பதைத் தாண்டிய வயது, நெட்டையான உடம்பு, வெள்ளை முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். நான் கைகூப்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஹோம்ஸ்டே இங்கிலீஷ்தான். ஆகாவும் நானும் அதை வைத்தே ஓட்டிக்கொள்வோம்.

"பெட்டி பெரிதாக இருக்கிறதே என்கிறாள்" என்றாள் ஆகா.

முதல் வேளையே வம்பு. மேஜையில் கருப்பு ரொட்டி, வெள்ளரிக்காய் ஊறுகாய், ஒரு மண் கிண்ணத்தில் வெண்ணெய்போல உறைந்த ஒன்று. பயணக் களைப்பில் நன்றாகத் தடவிக் கடித்தேன். உப்பும் வெங்காயமும் சேர்ந்து ருசியாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டில் மொறுமொறுவென்று ஏதோ பல்லில் அகப்பட்டது. என்ன என்று கேட்டேன். ஆகாவின் முகம் மாறியது. "ஐயோ, நீ பன்றி சாப்பிட மாட்டாய் அல்லவா?"

பன்றிக் கொழுப்பு. மாடும் பன்றியும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியதே கிடையாது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஹலினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன்.

அடுத்து வந்தது சிவப்பாக ஒரு சூப். அவ்வளவு சிவப்பைத் தட்டில் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். "பீட்ரூட், சத்தியமாகப் பீட்ரூட் மட்டும்தான்" என்று ஆகா தலையிலடித்துச் சொன்னாள். மோந்து பார்த்தேன். புளிப்பும் இனிப்பும் மிளகும். நம் ஊர் ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அதில் காதுமடல்போலச் சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்கள் மிதந்தன. ஒன்றைக் கரண்டியால் பிளந்து, உள்ளே காளான்தான் என்று உறுதி செய்த பிறகே வாயில் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஹலினா கரண்டிகளைக் கழுவித் துடைத்து, எண்ணி, ஒரு இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடுப்பில் பாஸ்போர்ட்டோடு நின்ற எனக்குக் கோபம் வந்திருக்கக் கூடாது. வந்தது.

மறுநாள் ஆகா ஊர் காட்டினாள். பெரிய சதுக்கம். நடுவில் பழைய ஜவுளி வணிகர்களின் மண்டபம், ஒரு மூலையில் உயரமான மாதா கோவில், குதிரை வண்டிகள், புறாக்கள். மணிக்கொரு தடவை கோபுரத்தின் ஜன்னலில் ஒருவர் எக்காளம் ஊதுகிறார். பாதிப் பாட்டில் பட்டென்று நிறுத்திவிடுகிறார். அந்தக் காலத்தில் எதிரி படை வருவதைப் பார்த்து ஊதிய காவல்காரன் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம், அதனால் அந்த இடத்தோடு நிறுத்துகிறார்களாம். எதிரி வந்தானா என்று இன்றைக்கும் மணிக்கொரு தடவை பார்க்கிற ஊர். எனக்குப் பிடித்துப்போயிற்று.

தெருமுனைகளில் கண்ணாடி வண்டிகளில் வளையல்போல முறுக்கிய ரொட்டி விற்கிறார்கள். மேலே எள், அல்லது கசகசா. கசகசா வளையம் ஒன்றை ஆகா வாங்கி நீட்டினாள். வளைகுடாவுக்குக் கசகசா கொண்டுபோய்ப் பிடிபட்டவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். நடுத்தெருவில் அப்படிப் பூசி விற்பதைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் போலீஸைத் தேடினேன். வண்டிக்காரப் பெண் சிரித்தபடி ஏதோ சொன்னாள். "இந்த அம்மா ரொட்டியைப் பார்க்கிறாரா, துப்பாக்கியைப் பார்க்கிறாரா?" என்று ஆகா மொழிபெயர்த்தாள்.

இன்னொரு கடையில் கடைசல் மரக்கட்டைபோல ஒன்றை நறுக்கிச் சுட்டுக் கொடுத்தார்கள். மலைக்காரர்கள் ஆட்டுப்பாலில் செய்து புகையில் வாட்டிய பாலாடைக்கட்டியாம், பக்கத்தில் புளிப்பான சிவப்புப் பழ ஜாம். பல்லில் கடிபட்டுக் கீச்சென்று சத்தம் போட்டது. மழைநாளில் எங்கள் அடுப்படி மேல்பரணில் வாடும் எல்லாவற்றின் வாசனையும் அதில் இருந்தது.

மதியம் ஒரு பழைய சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நம் ஊர் மெஸ்போலத்தான். வரிசையில் நின்று, ஜன்னலில் எட்டிப்பார்க்கும் முறைப்பான அம்மாவிடம் தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பியரோகி என்ற கொழுக்கட்டை கிடைத்தது. உள்ளே உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும், மேலே வதக்கிய வெங்காயம். ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்தே சாப்பிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் தன் மனைவியிடம் சொன்னதை ஆகா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பெண்மணி சுங்க இலாகாவாக இருக்கும்."

சாப்பாட்டுக்கு நடுவில்தான் ஆகா ஆரம்பித்தாள். "உன் மாமியாரை நீ தனியாகவா பார்த்துக்கொண்டாய்? அவர் கோபப்பட்டால் என்ன செய்வாய்? குளிக்க மறுத்தால்? உனக்கு அலுக்கவில்லையா?" ஒவ்வொரு கேள்வியும் மெதுவாக, கொழுக்கட்டையைப் பிளப்பதுபோல. பதில் சொன்னேன். ஆனால் இறந்தவரைப் பற்றி துக்கம் கேட்கிறவள் இப்படிக் கேட்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் ஹலினா என்னிடம் முதன்முதலாகப் பேசினார். பேசியது என்னிடம் அல்ல, என் போனிடம். போலிஷில் சொன்னால் தமிழில் சொல்லும் ஒரு செயலியை ஆகா அதில் போட்டுத் தந்திருந்தாள். ஹலினா அதைக் கையில் எடுத்து, வாய்க்கு மிக அருகில் வைத்து ஏதோ சொன்னார். போன் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல முழங்கியது: "தாங்கள் எனது இல்லத்திற்கு எதற்காக வருகை தந்துள்ளீர்கள்?"

அந்தக் கேள்வியைத்தான் நானும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "சாப்பிட வந்தேன்மா" என்றேன்.

போன் அதை அவர் மொழியில் சொன்னது. "யெட்ஸ்" என்றார் ஹலினா. சாப்பிடு என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் போலிஷ் வார்த்தை. சிரித்துச் சொல்லவில்லை. அப்படியென்றால் சாப்பிடு, பார்க்கலாம் என்கிற தொனி.

மூன்றாம் நாள் அவர் புளித்த மாவில் சூப் வைத்தார். ஜாடியில் நாள்கணக்கில் புளிக்கவைத்த மாவு. என்ன மாவு என்று போனைக் கேட்டதற்குக் 'கம்பு' என்றது. கம்பங்கூழா, இந்த ஊரிலா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மாவைத் தொட்டுப் பார்த்தால் கம்பு இல்லை, குளிர்நாட்டுத் தானியம் ஏதோ. ஆனால் வாசனை நம் வீட்டுப் புளித்த கூழேதான். எனக்காகப் பன்றி போடாமல் முட்டை மட்டும் போட்டார். அதுவரை சரி. என் கண் முன்னால் கை நிறைய உப்பு போட்டார். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி கை நிறைய உப்பு போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

மேஜையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். நாக்கு வெந்தது. ஹலினா எதிரில் கைகட்டி உட்கார்ந்து, "யெட்ஸ், யெட்ஸ்" என்றார். வேண்டுமென்றே செய்கிறார் என்று தீர்மானித்தேன். போய்த்தொலை என்று வாயால் சொல்லாமல் உப்பால் சொல்கிறார். தட்டைக் காலி செய்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரைக் குடித்தேன். ஆகா தன் சூப்பை ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இத்தனை உப்பு அவளுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

கணேசனுக்குப் போன் போட்டேன். "அந்தக் கெழவி சோத்துல உப்ப அள்ளிக் கொட்டுதுங்க."

"நான் அப்பவே சொன்னேம்ல. பாஸ்போர்ட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி. தண்ணி நெறையக் குடி."

நாலாம் நாள் காலையில் ஆகா, தனக்கு அலுவலக வேலை வந்துவிட்டது, நீங்கள் இருவரும் சந்தைக்குப் போய்வாருங்கள் என்றாள். சொன்ன விதத்திலேயே முன்பே யோசித்து வைத்தது தெரிந்தது. ஹலினா கோட்டும் தொப்பியும் போட்டு, துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். டிராம் வந்தது. ஏறினார். நானும் ஏறினேன்.

சந்தை பக்கம்தான் என்று ஆகா சொல்லியிருந்தாள். டிராம் போய்க்கொண்டே இருந்தது. பழைய கட்டடங்கள் தீர்ந்து, ஒரே மாதிரி அடுக்குமாடிகள் வந்து, அவையும் தீர்ந்து, சுவர்களும் காலி மனைகளும் வந்தன. நான் ஹலினாவைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வரத் திட்டமோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் தண்டவாளம் வட்டமடிக்கும் இடத்தில் டிராம் நின்றது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். ஓட்டுநர் வந்து ஏதோ சொன்னார். எந்த ஊர் ஓட்டுநரும் சொல்வதுதான்: கடைசி ஸ்டாப்பு, இறங்குங்கம்மா.

ஹலினா எழுந்திருக்கவில்லை. ஓட்டுநரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார். பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மாமியார் முப்பது வருஷம் புழங்கிய வீட்டில், குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று, இது யார் வீடு என்று யோசித்த நாளில் அதே பார்வையைத்தான் பார்த்தேன். பயம், அதற்கு மேலே கோபம், பயத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

இரண்டு தடவை போட்ட உப்பு, பூட்டிய கரண்டி, ஆகா வாய் திறக்காமல் குடித்த சூப், சாப்பாட்டுக் கடையில் கேட்ட கேள்விகள், அந்த விமானச் சீட்டு. டிராமின் நடுவில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது.

ஆனால் அந்த நேரத்தில் கோபப்பட நேரமில்லை. "கொஞ்சம் காத்து வாங்கலாம்மா" என்று தமிழிலேயே சொல்லி, கை நீட்டினேன். பிடிக்கவில்லை, ஆனால் எழுந்து வந்தார். நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். காந்தலூர்க் குளிர் பழகிய எனக்கே காது விறைத்தது. கைப்பையில் வெல்ல உருண்டை இருந்தது. உடைத்து ஒரு துண்டை நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார். நான் அவர் சூப்பை மோந்து பார்த்ததைப் போலவே பார்த்தார். நான் முதலில் தின்று காட்டிய பிறகுதான் வாயில் போட்டார். மென்றார். கையை மறுபடி நீட்டினார்.

போனை எடுத்துக் கேட்டார்: "இது மருந்தா?"

"இல்லம்மா. கரும்புச் சாறு காய்ச்சுனது."

போன் அதை என்னவென்று சொன்னதோ, அவர் புருவம் ஏறியது. ஆனாலும் தின்றார்.

ஓட்டுநரிடம் வீட்டு விலாசத்தைக் காட்டினேன். இதே வண்டி திரும்பிப் போகும், நானே சொல்கிறேன் என்று சைகை செய்தார். இறங்கியதும் ஹலினா மறுபடி எனக்கு முன்னால் நடந்தார். எந்தத் திருப்பம் என்று தயங்கிய இடத்தில் நான் முந்தானையைச் சரிசெய்கிறதுபோலச் சரியான பக்கம் திரும்பி நின்றேன். அவரும் திரும்பினார். சந்தைக்குப் போகாமலே வீடு வந்தோம்.

ஆகா வந்ததும் அடுப்படிக் கதவைச் சாத்தினேன். "உங்க அம்மாவுக்கு மறதி எத்தன நாளா?"

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "ஒரு வருஷத்துக்கு மேலே" என்றாள்.

"அப்ப நான் சாப்பிட வரல. வேலைக்கு ஆள் பாக்கத்தான் கூட்டிட்டு வந்துருக்கே."

அவள் இல்லை என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன். "ஆமாம்" என்றாள். வடக்கே வேறு நாட்டில் அவளுக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, இதை விட்டால் இந்த வயதில் இனி கிடைக்காது. அம்மாவை ஒரு விடுதியில் விட மனசு வரவில்லை. யார் யாரையோ யோசித்தபோது என் முகம்தான் வந்தது. "அம்மாவுக்கு முதலில் உன்னைப் பிடிக்கட்டும், பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன்."

"நேரா கேட்டுருக்கலாம்ல?"

"நேராகக் கேட்டால் வந்திருப்பாயா?"

"மாட்டேன்."

"அதனால்தான்."

மாட்டுச் சந்தையில் வாங்க வருகிறவர்கள் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கசகசா ரொட்டி, ஆட்டுப்பால் கட்டி, எக்காளம் எல்லாமே என்னை நடக்கவிட்டுப் பார்த்ததுதான் என்று எனக்குப் பட்டது. ஹோம்ஸ்டே இங்கிலீஷில் திட்டவும் வரவில்லை. தமிழில் திட்டினேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

"உன்னால் முடிந்ததே, விஜயா" என்று அழுதாள். "உன்னை நான் பார்த்தேன். உன்னால் முடிந்தது."

"என்னால முடியல ஆகா. செஞ்சேன். அவ்வளவுதான்."

கதவு திறந்தது. ஹலினா நின்றுகொண்டிருந்தார். எங்கள் இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. ஆனால் 'மாமா, மாமா' என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னது காதில் விழாமல் இருக்குமா? அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் மேஜையிலிருந்த என் போனை எடுத்து, என்னைப் பார்த்துப் பேசினார். போன் அதே வானொலிக் குரலில் கேட்டது: "தாங்கள் என்னை எங்கே கொண்டு செல்லப் போகிறீர்கள்?"

அப்போதுதான் புரிந்தது. நான் பெட்டியோடு வாசலில் நின்ற நிமிஷத்திலிருந்து அவர் அதைத்தான் நினைத்திருக்கிறார். என்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று நான் பயந்த நாளெல்லாம், தன்னை எங்கே கூட்டிப்போகப் போகிறாள் இவள் என்று அவர் பயந்திருக்கிறார்.

"எங்கயும் இல்லம்மா. நான் ஞாயித்துக்கெழம எங்க ஊருக்குப் போறேன்."

"தனியாகவா?"

"தனியாத்தான்."

அவர் ஆகாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேல்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் இழுப்பறையைத் திறந்து மூன்று கரண்டிகள் எடுத்தேன்.

ஆகாவிடம் அன்று முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கணவர் இருக்கிறார், வீடு இருக்கிறது, ஒரு தடவை செய்ததை மறுபடி செய்ய உடம்பில் தெம்பில்லை. ஆனால் பட்டுத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டைவிட்டுப் போகும்போது அடுப்பின் கேஸை மூடிவிட வேண்டும். கோட்டின் உள்பக்கம் விலாசம் தைக்க வேண்டும். 'மறந்துட்டியா' என்ற வார்த்தையை வீட்டைவிட்டே துரத்த வேண்டும். உப்புச் சாடியை எடுத்து மறைக்கக் கூடாது, அடுப்படியில் கூட நிற்க வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுகிறவர்களை நான் ஹோம்ஸ்டேயில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீதி நாட்களில்தான் நான் நிஜமாகவே சாப்பிட்டேன். முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசியும் காளானும் வைத்துச் சுருட்டியது, உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்த அடை, காய்ந்த பிளம்ஸும் ஆப்பிளும் வேகவைத்த கொம்போட் என்ற தண்ணீர். எங்கள் பின்கட்டில் அணிலும் குரங்கும் தின்றது போக உதிர்ந்து அழுகும் பிளம்ஸை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. சனிக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து பியரோகி பிடித்தோம். ஹலினா உப்பு போடும்போது ஆகா பக்கத்தில் நின்றாள். நான் பிடித்ததில் ஓரம் பிரிந்துகொண்டது. ஹலினா அதைக் கையால் தட்டிவிட்டு வேறு மாவு வைத்தார். பூண்டு ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர், கண்ணில் நீர் வழிய மறுபடி தொட்டுக்கொண்டார்.

கிளம்பும் காலை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு விடைபெறப் போனேன். ஹலினா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் அவராகத் தொட்டது அதுதான் முதல் தடவை. "ஸோஷா" என்றார்.

நான் ஆகாவைப் பார்த்தேன். "சித்தி" என்றாள் மெதுவாக. "அம்மாவின் தங்கை. இறந்து வெகு காலமாயிற்று."

ஹலினா என்னை உலுக்கினார். படபடவென்று பேச ஆரம்பித்தார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. போன் பெட்டியில் இருந்தது. ஆகா ஒவ்வொரு வாக்கியமாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீதான் எப்போதும் போகிறாய், ஸோஷா. உனக்கு எங்கேயாவது போக வேண்டியிருக்கிறது. அம்மா படுத்திருக்கிறாள். நீ பெட்டியைத் தூக்கிவிட்டாய். நான் போகக் கூடாதா? எனக்கு ஊர் பார்க்க ஆசையில்லையா? நீ போ. போனால் அம்மாவை யார் பார்ப்பது?"

கையை விடவில்லை. என் கண்ணையே பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

பதில் சொன்னது ஆகா. போலிஷில் சொன்னாள், பிறகு எனக்காக இங்கிலீஷிலும் சொன்னாள். "நான் பார்த்துக்கொள்கிறேன். நான் போகவில்லை."

ஹலினா மகளைத் திரும்பிப் பார்த்தார். யார் என்று அடையாளம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பிடி தளர்ந்தது. நான் படியிறங்கினேன்.

அந்த வார்த்தையை நான் நம்பினேனா என்று கணேசன் கேட்டார். பாதிதான் என்றேன். அந்த நேரத்துக்கு அழுகையில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம், என் காதில் விழட்டும் என்று சொன்னதாகவும் இருக்கலாம். வடக்கே உள்ள அந்த வேலையை எழுதி மறுத்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். எழுதினாளோ என்னவோ.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவில் கூப்பிடுகிறாள். நலமா, மழையா, விருந்தாளி உண்டா என்று ஏதேதோ கேட்கிறாள். நான் அதற்கெல்லாம் பிறகுதான் பதில் சொல்வேன். "இன்னைக்கு அம்மாவுக்கு என்ன சாப்பாடு?" என்பதுதான் என் முதல் கேள்வி. இன்னதென்று சொல்வாள். வாயால் சொன்னால் போதாது, தட்டைக் காட்டு என்பேன். போனைத் திருப்பிக் காட்டுவாள். தட்டு தெரியும், அதன் ஓரத்தில் ஹலினாவின் கை தெரியும். கை கரண்டியைத் தூக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.